பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு வருமான வரியில் நேரடித் தள்ளுபடி: ஆதரிக்கலாமா, கூடாதா?

மாதச்சம்பளக்காரன்:

நிதிநிலை அறிக்கைக்கு முன் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் வழக்கம் நிதி அமைச்சகத்துக்கு உண்டு. இம்முறை நான் அனுப்ப நினைக்கும் கோரிக்கை இதுதான்: பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்காகப் பெற்றோர் செய்யும் செலவில் 20 சதவீதத்தை, ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் என்ற உச்சவரம்புடன், அவர்கள் கட்ட வேண்டிய வரியிலிருந்தே கழித்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும்.

சில சேமிப்புகளையும் பள்ளிக் கட்டணத்தையும் வருமானத்திலிருந்து கழிக்க இடம் தரும் சலுகை, வழக்கில் 80சி என்று சொல்லப்படுவது, இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். அதிலும் 2014இல் நிர்ணயித்த ஒன்றரை லட்ச ரூபாய் வரம்புக்குள் வருங்கால வைப்பு நிதி, ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம், வீட்டுக்கடன் அசல் ஆகிய அனைத்தும் அடங்க வேண்டியிருப்பதால், பள்ளிக் கட்டணத்தின் முறை வருவதற்குள் வரம்பு நிரம்பிவிடுகிறது. சம்பளத்தோடு வரும் பிள்ளைகள் கல்விப்படிக்கான விலக்கோ, பிள்ளைக்கு மாதம் 100 ரூபாய் என்ற அளவில் பல ஆண்டுகள் அசையாமல் கிடந்தது. 2020இல் அறிமுகமாகி, 2023-24 நிதியாண்டு முதல் இயல்பு முறையாகிவிட்ட புதிய வரிமுறையில் 80சியே கிடையாது.

இன்னொரு கோணமும் இருக்கிறது. வருமானத்திலிருந்து கழிக்கும் சலுகை, சம்பளம் கூடக் கூடப் பெரிதாகிறது. பழைய முறையில் ஒரு லட்ச ரூபாய் கட்டணம் கட்டிய இருவரில், 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு 30,000 ரூபாய் மிச்சம். 20 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு 20,000 ரூபாய்தான். வரியிலிருந்தே கழிக்கும் தள்ளுபடியாக இருந்தால் இருவருக்கும் ஒரே தொகை கிடைக்கும். ஆகவே நான் கேட்பது பழைய சலுகையை அப்படியே திரும்பக் கொண்டுவருவதை அல்ல. அதைவிட நியாயமான ஒன்றை.

கரும்பலகை:

அரசுப் பள்ளி ஆசிரியராக இருக்கும் நான் இக்கோரிக்கையை முழுமையாக எதிர்க்கிறேன். முதல் காரணம், இது யாருக்குப் போய்ச் சேரும் என்பது. 2025 நிதிநிலை அறிக்கைக்குப் பிறகு, புதிய முறையில் சம்பளக்காரர் எல்லோருக்கும் தரும் நிலைக் கழிவையும் சேர்த்து ஆண்டுக்கு 12.75 லட்ச ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு வருமான வரியே இல்லை. வரி இல்லாதவருக்கு எதிலிருந்து தள்ளுபடி செய்வீர்கள்? எனவே உங்கள் 10,000 ரூபாய் மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் வாங்கும் குடும்பங்களுக்கே போகும். அவர்களுக்கு இடையே சமத்துவம் கொண்டுவந்துவிட்டு, அதற்கு நியாயம் என்று பெயர் வைக்கிறீர்கள்.

இரண்டாவது காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை. வருமான வரி மத்திய அரசின் பணம் மட்டும் அன்று. பகிர்வுக்குரிய வரித்தொகுப்பில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்கு அளிக்க வேண்டும் என்று பதினைந்தாவது நிதிக்குழு பரிந்துரைத்தது. அந்தக் கணக்கில் தனியார் பள்ளிக் கட்டணத்துக்காக நூறு ரூபாய் விட்டுக்கொடுத்தால், அதில் ஏறத்தாழ நாற்பது ரூபாய் மாநிலங்களின் பங்கிலிருந்து போகிறது. அரசுப் பள்ளிகளை நடத்துவதும், அவற்றின் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பதும் அந்த மாநிலங்கள்தாம். கல்விக்குத் தேசிய வருமானத்தில் 6 சதவீதம் செலவிட வேண்டும் என்று கோத்தாரி குழு 1966இல் சொன்னதை 2020ஆம் ஆண்டின் கல்விக் கொள்கையும் திரும்பச் சொல்கிறது. அந்த இலக்கை எட்டாத நாடு, இருக்கும் பணத்தைத் தனியார் கட்டணத்துக்குத் திருப்பிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

வரவுசெலவு:

வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். எனவே இரு தரப்பு வாதத்துக்குள்ளும் போகாமல், மேசைக்கு வரும் காகிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

80சியில் கழிக்கத் தகுந்தது கற்பித்தல் கட்டணம் மட்டுமே. வளர்ச்சி நிதி, நன்கொடை, பேருந்துக் கட்டணம் எதுவும் சேராது. என்னிடம் வரும் பெற்றோர் பலர் இரண்டு காகிதம் கொண்டுவருகிறார்கள். ஒன்று, அறக்கட்டளையின் பெயரும் முத்திரையும் உள்ள அச்சிட்ட ரசீது. அதில் கட்டணக் குழு அனுமதித்த தொகை மட்டும் இருக்கும். மற்றொன்று, பெயரோ முத்திரையோ இல்லாத வெள்ளைத் துண்டுச் சீட்டு; ‘ஆக்டிவிட்டி’, ‘ஸ்மார்ட் கிளாஸ்’, ‘நோட்டு, டை, ஷூ’ என்று பேனாவால் எழுதி, கீழே கூட்டுத்தொகை போட்டிருப்பார்கள். சில சீட்டுகளில் இரண்டாவது தொகை முதலாவதைவிடப் பெரிது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டிலேயே கட்டணம் வசூலிப்பதை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்து, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழுவும் அமைந்த பிறகு நிலைமை இதுதான். எந்தக் காகிதத்துக்குத் தள்ளுபடி தருவது என்பதைக் கோரிக்கை தெளிவாகச் சொல்லாவிட்டால், வீட்டு வாடகைப்படிக்காக உருவான போலி ரசீதுகளைப் போல இதற்கும் ஒரு சந்தை உருவாகும்.

மாதச்சம்பளக்காரன்:

ஆசிரியர் ஐயாவின் முதல் காரணம் வலுவானது. ஆனால் அது தள்ளுபடி கூடாது என்பதற்கான காரணமாகாது. தள்ளுபடித் தொகை கட்ட வேண்டிய வரியைவிடக் கூடுதலாக இருந்தால், மீதியை அரசே வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும் என்பதற்கான காரணம் அது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் இது நடைமுறையில் உள்ளது. படிப்புச் செலவை வருமானத்திலிருந்து கழிக்கும் வழி அங்கே 1955இலேயே வந்துவிட்டது. மதம் சார்ந்த பள்ளிகளின் பெற்றோருக்கே அதன் பலன் பெரிதும் போகிறது என்று தொடரப்பட்ட வழக்கில், 1983இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. 1990களின் இறுதியில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கென்று தனியாக ஒரு தள்ளுபடியைச் சேர்த்தார்கள். தகுதியுள்ள செலவில் 75 சதவீதம் வரை கிடைக்கும். வரியே கட்டாதவருக்கும் அது பணமாகக் கையில் வரும்.

ரசீது பற்றிய கேள்விக்கும் அங்கேயே ஒரு பதில் இருக்கிறது. அந்தத் தள்ளுபடியில் தனியார் பள்ளியின் கற்பித்தல் கட்டணம் சேராது. பாடநூல், தனிப்பயிற்சி, வாடகைக்கு எடுக்கும் இசைக்கருவி போன்றவையே சேரும். அதனால் அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தவரும் உரிமை கோரலாம். தள்ளுபடி வந்துவிட்டது என்பதைக் காட்டிப் பள்ளி கட்டணத்தை உயர்த்தவும் வழியில்லை. நம் நாட்டிலும் அப்படியே செய்யலாம். பள்ளிக் கல்விக்கு ஜிஎஸ்டி இல்லாவிட்டாலும் பயிற்சி மையக் கட்டணத்துக்கு 18 சதவீதம் வசூலிக்கிறார்கள். நீட் பயிற்சிக்குப் பிள்ளையை அனுப்பும் அரசுப் பள்ளிப் பெற்றோரும் அதைக் கட்டத்தான் செய்கிறார்கள்.

மாநிலப் பங்கு குறையும் என்பதற்கு மாற்று உண்டு. 2004இல் 2 சதவீதமாகத் தொடங்கி, 2007இல் மூன்றாகி, 2018 முதல் சுகாதாரத்தையும் சேர்த்து வரியின் மேல் 4 சதவீதமாக வசூலாகும் கல்விக் கூடுதல் தீர்வையில் (செஸ்) மாநிலங்களுக்குப் பங்கே கிடையாது. கல்வியின் பெயரால் வாங்கும் அந்தப் பணத்திலிருந்து தள்ளுபடியைக் கொடுத்தால் மாநிலத்துக்கு ஒரு காசும் குறையாது.

திருப்பூர் வாணி:

நான் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டில் வேலை செய்கிறேன். வருமான வரி கட்டும் நிலையில் எங்கள் குடும்பம் இல்லை. மகள் தனியார் மெட்ரிக் பள்ளியில் படிக்கிறாள். அரசுப் பள்ளி மட்டம் என்று நினைத்து நாங்கள் அங்கே சேர்க்கவில்லை. பள்ளி வண்டி வாசலுக்கு வருகிறது, நான் வேலை முடிந்து திரும்பும் ஆறு மணி வரை அவளை அங்கேயே வைத்துக்கொள்கிறார்கள் என்பதே காரணம். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்துக்கும் விண்ணப்பித்தோம். குலுக்கலில் பெயர் வரவில்லை.

நீங்கள் பேசும் தள்ளுபடி எங்கள் கைக்கு எப்போது வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜூன் மாதம் கட்டணம் கட்டுகிறோம். நிதியாண்டு அடுத்த மார்ச்சில் முடியும். கணக்குத் தாக்கல் செய்ய ஜூலை ஆகிவிடும், பணம் அதற்குப் பிறகுதான். ஆக, ஓராண்டுக்கு மேல். ஜூன் மாதத்துக்காக நாங்கள் வைக்கும் நகைக்கு அதற்குள் பதின்மூன்று மாத வட்டி ஏறியிருக்கும். கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பள்ளி திறக்கும்போது கொடுங்கள் என்கிறேன்.

கரும்பலகை:

வாணி அம்மாவின் கணக்கு இந்த விவாதத்தில் வந்த எந்த வாதத்தையும்விடத் துல்லியமானது. அவருக்குத் தேவைப்படுவது அருகிலேயே ஒரு நல்ல அரசுப் பள்ளி, அங்கே போக ஒரு பேருந்து, மாலை ஆறு மணி வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடு. இவற்றில் எதையும் வரித் தள்ளுபடி உருவாக்காது. அரசுப் பள்ளிகளில் காலை உணவை 2022இல் தொடங்கியபோது, அதிகாலையில் வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு அது எவ்வளவு உதவியது என்பதை என் வகுப்பிலேயே பார்த்தேன். யாரும் அதற்காக ரசீது காட்டவில்லை.

கூடுதல் தீர்வையிலிருந்து கொடுக்கலாம் என்கிறீர்கள். அந்தத் தீர்வை போய்ச் சேர்வதற்கென்று ஏற்படுத்திய தொடக்கக் கல்வி நிதியிலிருந்துதான் சமக்ர சிக்ஷா (முன்பு சர்வ சிக்ஷா) என்ற பள்ளிக் கல்வித் திட்டத்துக்கும் மதிய உணவுக்கும் பணம் வருகிறது. அதிலிருந்து எடுத்துப் பயிற்சி மையக் கட்டணத்துக்குக் கொடுப்பதென்பது, சத்துணவு தின்னும் பிள்ளையின் தட்டிலிருந்து எடுப்பதுதான். வரி கட்டாதவருக்கும் பணம் தருவதென்றால் அதற்கு வருமான வரித் துறை எதற்கு? புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் மாணவியின் கணக்குக்கே நேராகப் போகிறதே.

வரவுசெலவு:

ஒரு விவரம் சேர்க்க விரும்புகிறேன். சம்பளதாரருக்குக் காத்திருப்பு தேவையில்லை. செலவை நிறுவனத்திடம் அறிவித்தால் மாதாமாதம் பிடிக்கும் வரியிலேயே சரிசெய்துவிடலாம். வரி கட்டாதவருக்குத்தான் கணக்குத் தாக்கல், காத்திருப்பு எல்லாம். அதாவது, பணம் அவசரமாகத் தேவைப்படுபவருக்கே அது கடைசியில் வரும். மின்னசோட்டாவிலும் முன்பணம் இல்லாத குடும்பங்கள் இதே இடத்தில் தடுமாறியதால், வரப்போகும் தள்ளுபடியை ஈடாக எழுதிக்கொடுத்து, இலாப நோக்கற்ற அமைப்புகளிடம் கடன் பெறும் வழியை ஏற்படுத்த வேண்டியதாயிற்று.

மாதச்சம்பளக்காரன்:

ஆசிரியர் ஐயா கேட்கும் பள்ளி வர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அது வரும்வரை இன்றைய பெற்றோர் தம் கையிலிருந்து கட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதில்தான் உடன்பட முடியவில்லை. புதுமைப் பெண் நல்ல திட்டம், ஆனால் அது பள்ளி முடித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கானது. எல்.கே.ஜி. முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படிக்கும் வாணி அவர்களின் மகளைப் போன்ற பலர் இத்தகைய எந்தத் திட்டத்தின் வரையறைக்குள்ளும் வருவதில்லை.

மனுவை இப்படி மாற்றி அனுப்புகிறேன். கற்பித்தல் கட்டணத்தை நீக்கிவிட்டு, நூல், சீருடை, போக்குவரத்து, ஜிஎஸ்டி ரசீதுள்ள பயிற்சிக் கட்டணம் ஆகியவற்றை மட்டும் கேட்கிறேன். வரி இல்லாதவருக்கும் தொகை உண்டு என்பதையும், அவர்களுக்கு முந்தைய ஆண்டுக் கணக்கின் அடிப்படையில் மே மாதத்திலேயே முன்பணமாகச் செலுத்த வேண்டும் என்பதையும் சேர்க்கிறேன். தீர்வையிலிருந்து கொடுக்கலாம் என்ற வரியை எடுக்கப்போவதில்லை. ஆனால் மதிய உணவுக்கும் சமக்ர சிக்ஷாவுக்கும் ஒதுக்கியது போக மிஞ்சுவதிலிருந்து என்று அதைத் திருத்துகிறேன்.

கரும்பலகை:

மிஞ்சாது ஐயா. என் எதிர்ப்பை நானும் தனி மனுவாக அனுப்புகிறேன்.