பேலோடு: தமிழில் என்ன? (திங்கட்கிழமைக்குள் வேண்டும்)

அறிவியல் ஆசிரியை, ஏழாம் வகுப்பு:
அனைவருக்கும் வணக்கம். பிள்ளைகளைக் குழுவாக உட்காரவைத்து நிலவுக்கு ஒரு பயணம் திட்டமிடச் சொல்லப் போகிறேன். மாதிரி சந்திரயான்-3. பயிற்சித்தாள் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. 'பேலோடு' (payload) என்ற சொல்லுக்குத் தமிழ் தெரியாமல் நிற்கிறேன். ஒத்திகை பார்த்தபோது ஒரு குழு எரிபொருளையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டது. "லாரில ஏத்துறது எல்லாம் லோடுதானே டீச்சர்? டீசலும்தானே?" என்றாள் ஒருத்தி. 'லோடு' அவளுக்குத் தெரியும், பணம் தருவதைக் குறிக்கும் 'பே'தான் (pay) தெரியவில்லை. நம் சொல் அதை விளக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்:
தாங்குசுமை, ஏற்புச்சுமை, பயன்சுமை மூன்றையும் பார்த்திருக்கிறேன். என் ஓட்டு பயன்சுமைக்கு. வாடகை கிடைக்கிற சுமைதான் பேலோடு. டீசலுக்கு யார் வாடகை தருவார்கள்? வண்டி எதற்காகப் போகிறதோ அது பயன்சுமை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தாங்குசுமை தவறு. சுமை எதைத் தாங்குகிறது? வள்ளுவர் தந்த சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு? "பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ் சால மிகுத்துப் பெயின்" (475). வண்டியில் ஏற்றுவது பண்டம். மயிற்பீலியே ஆனாலும் அளவு மீறினால் அச்சு முறியும். உங்கள் எடைக்கணக்குப் பாடம் இதுதானே அம்மா? புறநானூறு 102-இலும் "சகடம் பண்டம் பெரிது பெய்தன்றே" என்கிறார் ஔவையார். வேரும் நம்முடையதே என்பது என் துணிபு: 'பண்' என்பதிலிருந்து பண்டம். வண்டிக்குப் பழம்பெயரான பண்டியும் அதே குடும்பம் என்பேன்.

விண்வெளித் துறைப் பொறியாளர்:
ஐயா, குடிநீர் வினைத்தொகைதான், நீரா குடிக்கிறது? அந்தக் காரணம் சொல்லித் தாங்குசுமையைத் தள்ள முடியாது. பண்டமும் பண்டியும் ஒரே வேர் என்றால் சிக்கல் கூடுகிறது, ஏனென்றால் எங்கள் துறையில் சுமையே வண்டியாகவும் இருக்கும். எல்.வி.எம்.3 ராக்கெட்டுக்குச் சந்திரயான்-3-இன் 3900 கிலோவும் பேலோடு. அதில் 2148 கிலோ, விக்ரமை நிலவுவரை கொண்டுபோன உந்துகலன். தரையிறங்கிய கலமான விக்ரம் 1726, அதன் வயிற்றில் நிலவில் ஓடிய வண்டியான பிரக்யான் 26. அந்த 26 கிலோ வண்டிக்கு அதிலிருந்த இரண்டு ஆய்வுக்கருவிகள்தான் பேலோடு. 'யாருடைய பேலோடு' என்று கேட்கப் பழக்குங்கள். சொல்லைப் பேலோடு என்றே விட்டாலும் எனக்குச் சரி. ஏவும் நாளில் டிவியில் அதுதான் காதில் விழும்.

தமிழாசிரியர்:
டிவியில் வருவதெல்லாம் தமிழானால் நாம் இங்கே கூடியது எதற்கு? புறம் 102-ஐ முழுதும் படியுங்கள். மேடு பள்ளத்தில் என்ன ஆகுமோ என்று உப்பு வணிகரான உமணர்கள் வண்டிக்கு அடியில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். பெயர் 'சேம அச்சு'. ஒன்று பழுதானால் உதவ மற்றொன்று வைப்பதற்கு உங்கள் துறையில் என்ன சொல்கிறீர்கள்?

மொழிபெயர்ப்பாளர்:
'சேமம்' வடமொழி க்ஷேமம்தானே ஐயா? தூய்மை பேசும் நீங்களே கொண்டுவருகிறீர்கள்.

தமிழாசிரியர்:
ஔவை வாயில் புகுந்த சொல்லை வெளியே தள்ள எனக்கு மனம் வராது.

ஆசிரியை:
ஐயா, குறள் 475 பயிற்சித்தாளின் முதல் வரியாகப் போகிறது. ஆனால் பண்டம் என்றால் என் பிள்ளைகளுக்கு முறுக்கும் அதிரசமும்தான் நினைவுக்கு வரும். இன்று பயன்சுமை என்று எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண்ணே பட்டியலிலிருந்து டீசலை அடித்துவிட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பிரக்யானுக்கு விக்ரம் லாரி, விக்ரமுக்கு ராக்கெட் லாரியா டீச்சர்?" என்று கேட்டாள். பயன்சுமை என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன், பக்கத்தில் பேலோடு.

பொறியாளர்:
சரி. அவளிடம் சொல்லுங்கள், நடுவில் உந்துகலன் என்று இன்னொரு லாரியும் உண்டு.

தமிழாசிரியர்:
பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. பயன் என்பது போய்ச்சேர்ந்த பிறகு தெரிவது. பண்டம் ஏற்றும்போதே பண்டம். அம்மா, மாற்றுக்கருவி என்று எழுதியிருக்கும் இடத்திலாவது சேம அச்சு போடுங்கள்.

ஆசிரியை:
போட்டுவிட்டேன் ஐயா.