பெரிய எஸ்யூவிக்கு எந்த சஸ்பென்ஷன்: ஓட்டிப் பார்த்தவர்களும் பின்னால் அமர்ந்தவர்களும் சொல்வது

நெடுவழி:

மூன்று வரிசை இருக்கைகள் உள்ள பெரிய எஸ்யூவி ஒன்றை வாங்கும் எண்ணத்தில், ஒரே மாடலைக் காயில் ஸ்ப்ரிங்குடன் (சுருள் கம்பி வில்) ஒரு முறையும், கம்பிச் சுருளுக்குப் பதில் காற்று நிரப்பிய ரப்பர்ப் பைகள் தாங்கும் ஏர் சஸ்பென்ஷனுடன் மறுமுறையும் ஓட்டிப் பார்த்தேன். இரண்டுக்கும் ஒரே பாதைதான்: ஒட்டுப் போட்ட தார்ச்சாலை, பாலத்து இணைப்புகள், சில வேகத்தடைகள், அதன்பின் அலையலையாக ஏறி இறங்கும் நெடுஞ்சாலை. விலை கூடிய ஏர் சஸ்பென்ஷன் எல்லா இடத்திலும் மெத்தென்று இருக்கும் என்று விற்பனையாளர் உறுதியாகச் சொல்லியிருந்தார். நெடுஞ்சாலையில் அது உண்மையாகவே இருந்தது. நீண்ட அலைகளின்மேல் வண்டி நிதானமாக எழுந்து, நிதானமாக அமர்ந்து, அதற்குமேல் ஆடாமல் நின்றது. ஆனால் குறைந்த வேகத்தில், ஒட்டுகளின் கூரான விளிம்புகளில் ஏறி இறங்கும்போது காயில் ஸ்ப்ரிங் வண்டியே உடம்புக்கு இதமாக இருந்தது. மற்றதில் ஒவ்வொரு விளிம்பும் ஸ்டீயரிங் வரை வந்து தட்டியது.

சக்கரங்களைக் குனிந்து பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. காயில் வண்டியில் இருந்தது 275/60 ஆர்20 அளவு டயர்; அதாவது அகலம் 275 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 20 அங்குலம். ஏர் சஸ்பென்ஷன் வண்டியில் 275/50 ஆர்22. இரண்டின் வெளிவிட்டமும் 83 முதல் 84 சென்டிமீட்டருக்குள்தான். ஆனால் முதலாவதன் பக்கச்சுவர் 165 மில்லிமீட்டர் உயரம், இரண்டாவதன் பக்கச்சுவர் 137.5 மில்லிமீட்டர். கூரான விளிம்பின் அடியை முதலில் வாங்குவது அந்தப் பக்கச்சுவர்தான். அது குறைந்தால், ஸ்ப்ரிங் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் அடி மேலே வந்தே தீரும். பெரிய ரிம் பெரும்பாலும் எடையும் கூடியது என்பதால், குழியில் விழுந்தெழும் சக்கரத்தைக் கட்டுப்படுத்துவது, ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பருக்கும் கடினமாகிறது. மேல்விலைத் தொகுப்புகளில் ஏர் சஸ்பென்ஷனையும் பெரிய ரிம்மையும் ஒன்றாகவே கட்டி விற்பதால், ஷோரூமில் நாம் ஒப்பிடுவது பல நேரங்களில் ஸ்ப்ரிங்குகளை அல்ல, டயர்களைத்தான்.

கொஞ்சம் கணக்கும் சொல்லிவிடுகிறேன், சலித்துக்கொள்ள வேண்டாம். ஸ்ப்ரிங்கின்மேல் நிற்கும் உடற்பகுதி பொதுவாக விநாடிக்கு 1 முதல் 1.5 முறை வரை ஆடும்படி அமைக்கப்படுகிறது. நடப்பதற்கு நெருக்கமான தாளம் என்பதால் உடம்பு அதைப் பொறுத்துக்கொள்கிறது. மேலும் கீழுமான அதிர்வில் மனித உடல் மிகவும் துன்பப்படுவது விநாடிக்கு 4 முதல் 8 வரையிலான வீச்சில். அதற்கும் மேலே, விநாடிக்கு 10 முதல் 15 வரை, சக்கரம் தன் போக்கில் துள்ளும். ஏர் சஸ்பென்ஷன் முதல் வகை ஆட்டத்தைத்தான் சிறப்பாக அடக்குகிறது. மற்ற இரண்டிலும் டயருக்கும் ஷாக் அப்சார்பருக்கும் இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்களுக்கும் பெரிய பங்கு உண்டு.

சுமை ஏற்றியபோது நிலைமை மாறியது. குடும்பத்தார் அனைவரையும் பெட்டிகளோடு ஏற்றிக்கொண்டு அதே பாதையில் போனபோது, காயில் ஸ்ப்ரிங் வண்டியின் பின்புறம் தாழ்ந்து, வேகத்தடைகளில் ரப்பர் தடுப்பு வரை அமுங்கி இடித்தது. ஏர் சஸ்பென்ஷனோ காற்றழுத்தத்தைக் கூட்டி உயரத்தைப் பழைய நிலைக்கே கொண்டுவந்தது; அழுத்தம் கூடும்போது விறைப்பும் கூடுவதால், காலியாக ஓடும்போது இருந்த ஆட்டத்தின் தாளம் ஏறத்தாழ அப்படியே இருந்தது. எனவே பெரும்பாலும் இருவர் மட்டும் பயணம் செய்பவருக்கு ஏர் சஸ்பென்ஷன் அவசியம் இல்லை என்பதும், வண்டியை நிரப்பி ஓட்டுபவருக்கும் டிரெய்லர் இழுப்பவருக்கும் அது கொடுத்த விலைக்கு உழைக்கும் என்பதும் என் முடிவு. மற்றவர்களின் அனுபவத்தையும் அறிய விரும்புகிறேன்.

பின்னிருக்கை:

நெடுவழி அவர்கள் ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுதியிருக்கிறார். நான் எப்போதும் இரண்டாம் அல்லது மூன்றாம் வரிசையில் அமர்பவள். என்னைப் பெரிதும் சோர்வடையச் செய்வது மேலும் கீழுமான குலுக்கல் அன்று, தலை இடமும் வலமுமாக ஆட்டிவைக்கப்படுவதுதான். உயரமான வண்டியில் இருக்கையும் உயரத்தில் இருப்பதால், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது உடற்பகுதி சிறிது சாய்ந்தாலே தலை அதிகத் தொலைவு நகர்கிறது. வளைவுகளில் சாயாமல் இருப்பதற்காக, இடப்பக்க வலப்பக்கச் சக்கரங்களை இணைக்கும் தண்டான ஆன்டி ரோல் பாரை விறைப்பாக வைத்திருந்தால், அது ஒரு பக்கத்து அடியை மறுபக்கத்துக்கும் கடத்துகிறது. இந்த முரண்பாட்டைத் தீர்க்கத்தான் நிஸான் பேட்ரோல் ஒய்62 மாடலில் ஆன்டி ரோல் பாரையே நீக்கிவிட்டு, நான்கு மூலைகளையும் ஹைட்ராலிக் குழாய்களால் இணைத்தார்கள். டொயோட்டா லேண்ட் குரூஸரின் கேடிஎஸ்எஸ் என்ற ஹைட்ராலிக் அமைப்பு, தேவைப்படும்போது அந்தப் பாரைத் தளரவிடுகிறது. முன்னதில் நீண்ட தொலைவு பயணம் செய்திருக்கிறேன். கரடுமுரடான பாதையிலும் கழுத்து வலிக்கவில்லை.

ஏர் சஸ்பென்ஷன் பற்றி இரண்டு செய்திகள். வண்டியை நிறுத்தியவுடன் அது தாழ்ந்து கொடுப்பது, முழங்கால் வலியுள்ள என் மாமியாருக்கு வேறெந்தச் சொகுசையும்விடப் பெரிய உதவியாக இருக்கிறது. ஆனால் மிக மென்மையான ஓட்ட நிலையில் மலைப்பாதையில் போனால் பின்வரிசையில் குமட்டல் வருகிறது. நடுத்தர நிலைக்கு மாற்றினால் ஆட்டம் குறைந்து குமட்டலும் நிற்கிறது. முன்னால் அமர்பவர்களுக்கு இது தெரிவதே இல்லை. வண்டியைத் தேர்ந்தெடுப்பவர் ஒரு முறையாவது சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, பின் அச்சுக்கு நேர்மேலே இருக்கும் மூன்றாம் வரிசையில் அமர்ந்து வர வேண்டும்.

பழைய பட்டறை:

பழைய வண்டி வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரேஞ்ச் ரோவரில் மின்னணு ஏர் சஸ்பென்ஷன் வந்தது 1992-ஆம் ஆண்டில். ஆகவே இதன் நோய்களும் மருந்துகளும் பட்டறைகளில் நன்றாகத் தெரிந்தவையே. ரப்பர்ப் பை ஆண்டுக்கணக்கில் மடிந்து விரிந்து, மடிப்புகளில் வெடிப்பு விடும். காற்று மெல்லக் கசியும். இரவு நிறுத்திய வண்டி காலையில் ஒரு மூலையில் மட்டும் தாழ்ந்திருந்தால் அதுதான் அறிகுறி. சோப்பு நீரைத் தெளித்தால் குமிழி எழும் இடம் கசிவைக் காட்டிக்கொடுக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால், குறைந்த காற்றை நிரப்ப கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி, இறுதியில் அதுவும் எரிந்துபோகும். நான் வைத்திருந்த வண்டியில் கசிவைத் தொடக்கத்திலேயே கண்டதால் பையை மாற்றியதோடு செலவு முடிந்தது.

காயில் ஸ்ப்ரிங்குக்கு மாற்றிவிட்டால் தொல்லை தீரும் என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். செய்யலாம், ஆனால் உயரம் சமன்படுத்தும் வசதி போய்விடும், எச்சரிக்கை விளக்குகளை அணைக்கத் தனி வேலை செய்ய வேண்டியிருக்கும், மின்னணு ஷாக் அப்சார்பர்கள் உள்ள வண்டியில் அவற்றையும் என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். நான் அதை நாடவில்லை. இன்னொன்று: பஞ்சர் ஒட்ட ஜாக்கி வைப்பதற்கு முன் கையேட்டைப் பார்த்து, உயரச் சரிசெய்தலை நிறுத்திவிடுங்கள். நீங்கள் ஒரு பக்கம் தூக்க, வண்டி மறுபக்கம் தானாக உயரத்தைத் திருத்தப் பார்க்கும்.

இரும்புத்துகள்:

காந்த ஷாக் அப்சார்பரைப் பற்றி யாரும் எழுதவில்லையே. திரவத்தில் கலந்திருக்கும் நுண்ணிய இரும்புத்துகள்கள் காந்தப்புலத்தில் வரிசைகட்டி நிற்பதால், சில மில்லிவிநாடிகளில் அது இறுகவும் இளகவும் செய்கிறது. 2002-ஆம் ஆண்டு மாடல் காடிலாக் செவிலில் முதலில் வந்த நுட்பம் இது. செவர்லே டாஹோவிலும் சபர்பனிலும் 2021 மாடலிலிருந்து பின்புறத்தில் ஒரே தண்டு அச்சுக்குப் பதிலாகத் தனித்தனி சஸ்பென்ஷன் வந்துவிட்டது; அவற்றில் காந்த ஷாக் அப்சார்பருடன் ஏர் சஸ்பென்ஷனையும் சேர்த்துப் பெறும் வாய்ப்பு உண்டு. நான் பயன்படுத்துவது காந்த வகை மட்டும் உள்ள வண்டி. ஒட்டுப் போட்ட சாலையில் அது அற்புதமாக இருக்கிறது, ஆனால் நெடுவழி சொன்ன சுமைப் பிரச்சினையை அது தீர்க்காது, ஏனெனில் மாறுவது ஷாக் அப்சார்பரே தவிர ஸ்ப்ரிங் அன்று.

நெடுவழி:

எல்லோருக்கும் நன்றி. பின்னிருக்கை அவர்களின் சொற்படி மூன்றாம் வரிசையில் அமர்ந்து பார்த்தேன். நான் ஓட்டும்போது உணராத ஒரு துள்ளல் அங்கே தெளிவாகத் தெரிந்தது. 20 அங்குலச் சக்கரத்துடன் ஏர் சஸ்பென்ஷன் தருவதற்கு விற்பனையாளர் ஒருவழியாக ஒப்புக்கொண்டார். ஒரே ஓர் ஐயம்: மண்பாதைக்கும் உதவும் என்று, எல்டி (லைட் டிரக்) எனக் குறிக்கப்பட்ட கனத்த டயர்களைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். போடலாமா?

பழைய பட்டறை:

கூரிய கற்கள் நிறைந்த பாதையில் அடிக்கடி போவதாக இருந்தால் மட்டும் போடுங்கள். அந்த டயர்கள் பாரச் சுமைக்காகச் செய்யப்பட்டவை. கூடுதல் அடுக்குகளால் பக்கச்சுவர் விறைத்திருக்கும், அதே எடையைத் தாங்கக் காற்றும் அதிகம் கேட்கும். நீங்கள் 22 அங்குலத்தைத் தவிர்த்துச் சேமித்த மென்மையில் பாதி அதிலேயே போய்விடும். வண்டியோடு வரும் டயரையே வைத்துக்கொண்டு, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுப்படி, டயர் குளிர்ந்திருக்கும்போது காற்று நிரப்புங்கள். குறைந்த சுமைக்கும் முழுச் சுமைக்கும் தனித்தனி அளவு கொடுத்திருந்தால் அதைக் கட்டாயம் பின்பற்றுங்கள். முழுச் சுமைக்குரிய காற்றோடு தனியாக ஓட்டிவிட்டு சஸ்பென்ஷன் கடினமாக இருக்கிறது என்று வருபவர்கள் பலர்.