20% தள்ளுபடி போக 1,200 ரூபாய்: குறித்த விலை 1,440 ஏன் இல்லை?

பெரம்பூர் அம்மா:
மகள் எட்டாவது, தமிழ் மீடியம். 'வாழ்வியல் கணிதம்' பாடத்தில் ஒரு கணக்கு: 20% தள்ளுபடி போக ஒரு புடவையின் விலை 1,200 ரூபாய், குறித்த விலை என்ன? 1,200-க்கு 20% 240, கூட்டினால் 1,440 என்கிறாள். விடை 1,500 என்று போட்டிருக்கிறது. ஏன் என்று கேட்கிறாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யாராவது படிப்படியாகச் சொல்லுங்களேன்.

வில்லிவாக்கம் சார்:
சூத்திரம் இருக்கிறதே மேடம். விற்ற விலையை 100-ஆல் பெருக்கி, 80-ஆல் வகுக்க வேண்டும். 1,500 வந்துவிடும்.

கொளத்தூர் டியூஷன் அக்கா:
சூத்திரம் சரிதான் சார், ஆனால் பிள்ளை கேட்டது ஏன் என்று. அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

மேடம், முதலில் அவள் விடையை அவளையே சரிபார்க்கச் சொல்லுங்கள். 1,440-க்கு 20% 288. கழித்தால் 1,152 வருகிறது, 1,200 வரவில்லை. நாம் தப்பு என்று சொல்வதைவிட அவளே போட்டுப் பார்த்தால் மனதில் ஏறும்.

அப்புறம் ஒரே கேள்வி: 20% எதில்? கடைக்காரர் கழித்தது சீட்டில் ஒட்டிய விலையில். இவள் கணக்குப் போட்டது நாம் கொடுத்த 1,200-இல். சீட்டு விலைதான் 100%. அதில் 20% போனால் மிச்சம் 80%.

80% = 1,200
10% = 150
100% = 1,500

என்னிடம் வரும் பிள்ளைகள் எந்தச் சதவீதக் கணக்குக்கும் முதல் வரியில் '100% = எது?' என்று எழுத வேண்டும். எழுதாமல் அடுத்த வரிக்குப் போக விடமாட்டேன். லாப நட்டத்தில் அடக்க விலை நூறு, தள்ளுபடியில் குறித்த விலை நூறு, ஜிஎஸ்டியில் வரி சேர்ப்பதற்கு முந்தைய விலை நூறு.

பெரம்பூர் அம்மா:
1,152 வந்ததுமே அவளே அடித்துவிட்டாள்! ரொம்ப நன்றி. இப்போது அடுத்த கேள்வி: ஆடித் தள்ளுபடிக்கு தி.நகர் போனபோது '50% + 20%' என்று போர்டு பார்த்தோம், அது 70% தானே என்கிறாள்.

கொளத்தூர் டியூஷன் அக்கா:
நல்ல கேள்வி, கேட்கட்டும். இங்கே நடுவில் நூறு மாறிவிடுகிறது. 100 ரூபாய்ப் பொருள் 50% போய் 50 ரூபாய். அடுத்த 20% அந்த 50-இல்தான், அதாவது 10 ரூபாய். நாம் கொடுப்பது 40, ஆக மொத்தத் தள்ளுபடி 60%. இரண்டாவது படியில் '100% = 50' என்று எழுதச் சொல்லுங்கள். முடித்ததும் 20%-ஐ முதலில் கழித்து, அப்புறம் 50% கழிக்கச் சொல்லுங்கள்: 100, 80, 40. அதே 40 எப்படி வந்தது என்று அவளே யோசிக்கட்டும், உடனே சொல்லிவிடாதீர்கள்.