சிக்குக் கோல வெக்டர்கள் மொத்தமாகத் திரும்பி வந்துவிட்டன. எங்கே தவறு?

புள்ளிக்காரி: பொங்கலுக்காக 12 வெக்டர் படங்கள் (பிக்சல்களால் அல்ல, கோடுகளாலும் வடிவங்களாலும் ஆனவை) வரைந்து, படங்களை விற்கும் ஒரு ஸ்டாக் தளத்துக்கு அனுப்பினேன். ஏழு சிக்குக் கோலங்கள், மூன்று பொங்கல் பானைகள், இரண்டு வாழ்த்து அட்டைகள். பன்னிரண்டும் நிராகரிப்பு. காரணம் ஒரே வரி: தொழில்நுட்பக் குறை. இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் வரைந்து, இபிஎஸ் 10 கோப்பாகச் சேமித்தேன். ஆர்ட்போர்டு (வரையும் பரப்பு) 1000க்கு 1000 பிக்சல். திரையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. எங்கே தேடுவது?

மைக்கூடு: முதலில் ஆர்ட்போர்டு. உங்களுடையது 1 மெகாபிக்சல்தான். ஷட்டர்ஸ்டாக் குறைந்தது 4 கேட்கிறது, அடோபி ஸ்டாக் 15. 4000க்கு 4000 வைத்தால் இரண்டுக்கும் போதும்.

புள்ளிக்காரி: வெக்டரை எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாதே, பிறகு அளவு எதற்கு?

மைக்கூடு: வாங்குபவருக்கு ஜேபெக் பிரதியும் தருகிறார்கள். அது ஆர்ட்போர்டு அளவிலிருந்துதான் உருவாகிறது.

பழைய தூரிகை: அளவு மட்டும் காரணமாக இருக்காது, அம்மா. கோலங்களைப் பென்சில் கருவியால் வரைந்தீர்களா? அப்படியானால் கண்ட்ரோல்-ஒய் அழுத்தி (நிறம் மறைந்து கோடுகள் மட்டும் தெரியும்), கோடு தொடங்கிய இடத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு முனைகளும் தொட்டுக்கொண்டிருப்பதுபோல் தெரியும், ஆனால் இணைந்திருக்காது. சிக்குக் கோலத்தில் இழைக்கு முனையே கிடையாது என்று வாசலில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கோப்பிலும் அதே கணக்குதான். விண்டோ மெனுவில் டாக்குமென்ட் இன்ஃபோ பலகையைத் திறந்து, செலக்‌ஷன் ஒன்லி என்பதை நீக்கிவிட்டு, ஆப்ஜெக்ட்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். திறந்த பாதைகள், அதாவது முனைகள் இணையாத கோடுகள், எத்தனை என்று அதுவே எண்ணிச் சொல்லும்.

முனைகளைக் கண்ட்ரோல்-ஜே கொடுத்து இணைத்த பிறகுதான் அவுட்லைன் ஸ்ட்ரோக் (கோட்டை நிரப்பிய வடிவமாக மாற்றுவது) செய்யவேண்டும். வரிசை மாறினால் இணைப்பில் வெட்டுத் தெரியும். கடைசியாக, பாத் மெனுவில் கிளீன் அப். சிந்திக் கிடக்கும் ஒற்றைப் புள்ளிகள் போய்விடும்.

பானைக்கு நிழல் போட்டிருக்கிறீர்களா?

புள்ளிக்காரி: ஆமாம், டிராப் ஷேடோ.

பழைய தூரிகை: மங்கலான அந்த நிழல், இபிஎஸ் ஆகும்போது பிக்சல் படமாக உள்ளே உட்கார்ந்துகொள்ளும். வெக்டர் கோப்புக்குள் பிக்சல் படம் கூடாது என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். நிழலைக் கிரேடியன்ட் நிரப்பிய ஒரு நீள்வட்டமாக வரைந்துவிடுங்கள்.

அச்சுக்கோவை: வாழ்த்து அட்டையில் தமிழ் எழுத்து எந்த எழுத்துரு?

புள்ளிக்காரி: பாமினி.

அச்சுக்கோவை: எழுத்தை அவுட்லைனாக, அதாவது வெறும் வடிவமாக, மாற்றாமல் அனுப்பியிருந்தால், பாமினி இல்லாத கணினியில் உங்கள் ‘பொங்கல்’ ஆங்கில எழுத்துக் கூளமாகத்தான் தெரிந்திருக்கும். கிரியேட் அவுட்லைன்ஸ் கொடுங்கள். பிறமொழி வாசகம் இருந்தால் அதன் பொருளை ஆங்கிலத்தில் கேட்கும் தளங்களும் உண்டு, விளக்கத்தில் எழுதிவிடுங்கள். எழுத்துருவின் உரிமம் வணிகப் பயன்பாட்டுக்கு இடம் தருகிறதா என்றும் பாருங்கள்.

புள்ளிக்காரி (நான்கு நாள் கழித்து): ஏழு கோலங்களில் மட்டும் 63 திறந்த பாதைகள்! எல்லாவற்றையும் இணைத்து மறுபடி அனுப்பினேன். பானைகளும் அட்டைகளும் ஏற்கப்பட்டன. கோலங்களில் நான்கு ஏற்பு, மூன்று நிராகரிப்பு. இந்த முறை காரணம் வேறு: ஒத்த படங்கள்.

பழைய தூரிகை: அந்த மூன்றும் நிறம் மட்டும் மாற்றியவையா?

புள்ளிக்காரி: ஆமாம், அண்ணா.

பழைய தூரிகை: அப்படியானால் மூன்றையும் ஒரே ஆர்ட்போர்டில் தொகுப்பாக வைத்து, ஒரே கோப்பாக அனுப்புங்கள்.