புதுப்பிப்பு: ஹீட்சிங்க் மாட்டியாயிற்று

கம்ப்யூட்டர் கேபினெட்டில் 160 மி.மீ. இடம்தான் இருக்கிறது, டவர் ஹீட்சிங்க் (ப்ராசஸரின் சூட்டைத் தணிக்கும், கோபுரம் போல் உயரமான உலோகப் பாகம்) அடங்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். அடங்கியது. 155 மி.மீ. உயரம், 120 மி.மீ. ஃபேன். ரேம் மேல் ஃபேன் லேசாக இடித்தது. ஃபேனைப் பிடித்திருக்கும் கம்பி கிளிப்பைக் கழற்றி, ஃபேனைச் சற்று மேலே ஏற்றியதும் சரியாகிவிட்டது.

ஏஎம்4 (ஏஎம்டி ப்ராசஸர்களுக்கான ஒரு சாக்கெட் வகை) போர்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க: பழைய ஹீட்சிங்கை நேராக மேலே இழுக்காதீர்கள். ப்ராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே தடவிய பேஸ்ட் காய்ந்திருந்தால் ப்ராசஸரும் சாக்கெட்டை விட்டுப் பிடுங்கிக்கொண்டு வரும், அதன் அடியில் உள்ள பின்கள் வளைந்துவிடும். கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரை ஓடவிட்டு, அணைத்து, சூடு ஆறுவதற்குள் இடமும் வலமும் மெதுவாகத் திருகுங்கள், தானே விட்டுக்கொடுக்கும். அப்புறம், பழைய ஹீட்சிங்கின் பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்றும்போது போர்டின் பின்பக்கத் தகட்டை விழாமல் ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தகடு பெரும்பாலும் புதிய ஹீட்சிங்குக்கும் வேண்டும்.

முழு வேலை கொடுத்தால் 90 டிகிரியைத் தொட்ட ப்ராசஸரின் சூடு இப்போது 70-க்குள் நிற்கிறது. சத்தமும் குறைவு.