மிட்ராண்ட் (தென்னாப்பிரிக்கா) தமிழ் வீடுகள் குரூப்: க்ரூகருக்கு எந்த கேமரா?

*வியாழன்*

கார்த்தி 14: எல்லாருக்கும் வணக்கம். ஜூலை லீவுக்கு அம்மா அப்பா மதுரையிலிருந்து வர்றாங்க. க்ரூகர் வனவிலங்குப் பூங்காவுல அஞ்சு ராத்திரி புக் பண்ணிட்டேன், ஸ்குகுசா முகாம்ல மூணு, சடாரா முகாம்ல ரெண்டு. இந்தத் தடவையாவது ஒழுங்கா ஒரு கேமரா வாங்கணும். கடையில கேனான் ஆர்50, கூடவே 18-45, 55-210 ரெண்டு லென்ஸும் சேர்த்து ஆஃபர்ல தர்றாங்க. 24 மெகாபிக்சல். வாங்கலாமா?

பாலு சார்: போனே போதும் தம்பி. என் போன்ல 100எக்ஸ் ஜூம் இருக்கு. போன மாசம் பால்கனியிலிருந்து நிலாவையே எடுத்தேன்.

மீனா அக்கா 6: சார், நிலா புதருக்குள்ள ஓடி ஒளியாது.

ரவி அண்ணன்: கார்த்தி, ஆர்50 நல்ல பாடிதான், அதாவது லென்ஸ் இல்லாத கேமரா. மிருகத்தோட கண்ணைத் தானா கண்டுபிடிச்சு ஃபோகஸ் பண்ணும். தகராறு அந்த 55-210 லென்ஸ்லதான். அந்த நம்பர் பெருசானாத்தான் தூரத்துல இருக்கிறது பெருசா விழும்.

ரவி அண்ணன்: கணக்கு சொல்றேன். சிறுத்தை உடம்பு 1.2 மீட்டர்னு வச்சுக்க. 50 மீட்டர் தள்ளி மரத்து மேல படுத்திருக்கு. 210ல எடுத்தா சென்சார்ல, அதாவது படம் பதியுற சில்லுல, 5 மி.மீ. விழும். சென்சார் அகலம் 22.3 மி.மீ. கால் பங்குகூட இல்ல. 400 லென்ஸ்னா 9.6 மி.மீ., படத்துல பாதிக்குக் கொஞ்சம் கம்மி. போன்ல 5 மடங்கு லென்ஸ்ல எடுத்தா பன்னெண்டுல ஒரு பங்கு. அதுக்கு மேல 100எக்ஸ்ங்கிறதெல்லாம் வெட்டிப் பெருசாக்குறதுதான்.

பாலு சார்: என்னை ஏன்ப்பா இழுக்கறீங்க

கார்த்தி 14: அப்ப மெகாபிக்சல்?

ரவி அண்ணன்: 24 தாராளம். செவுரு முழுக்க பிரிண்ட் போட்டு ஒட்டப் போறியா என்ன? முதல்ல லென்ஸை முடிவு பண்ணு, மிச்சக் காசுக்கு என்ன பாடி வருதோ அதை எடு. இதைத் தலைகீழா பண்ணித்தான் நான் ரெண்டு தடவை ஏமாந்தேன்.

ரவி அண்ணன்: என்னைக் கேட்டா, ஆர்50 இல்ல ஆர்10, பாடி மட்டும். கூட ஆர்எஃப் 100-400. அந்த லென்ஸ் வெறும் 635 கிராம். என் சிக்மா 150-600 கிட்டத்தட்ட 2 கிலோ. அதைத் தூக்கிப் பிடிச்சு மாசக்கணக்கா தோள்வலி, உங்க அண்ணி இன்னும் சொல்லிக் காட்டுறா.

மீனா அக்கா 6: என் சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 பத்தி யாரும் பேச மாட்டீங்களா? 24லிருந்து 600 வரை ஒரே லென்ஸ். அம்மா அப்பா முகமும் எடுக்கலாம், அடுத்த நொடி கழுகும் எடுக்கலாம்.

ரவி அண்ணன்: 2017 மாடல் அது. சென்சாரும் சின்னது, ஒரு இன்ச்ங்கிறது பேருக்குத்தான். காலைல ஆறு மணி வெளிச்சத்துல புள்ளி புள்ளியா வரும்.

மீனா அக்கா 6: அந்தக் கணக்கையும் போடுவோமா? எஃப் நம்பர் கூடினா லென்ஸ் வழியா வர்ற வெளிச்சம் குறையும். உங்க 100-400, 400க்கு வந்ததும் எஃப்8. என்னுது 600லயும் எஃப்4. ரெண்டு ஸ்டாப், அதாவது நாலு மடங்கு வெளிச்சம். சென்சார் பெருசானா வெளிச்சம் கூட சேரும், சரி. ஆனா கேனான் சென்சார் என்னுதை விட எத்தனை மடங்கு பெருசு?

ரவி அண்ணன்: மூணு இருக்கும்

மீனா அக்கா 6: மூணுகூட இல்ல அண்ணே.

செல்வி 9: ரவி அண்ணன் பத்து நிமிஷமா டைப் பண்ணிட்டே இருக்காரு 😂

ரவி அண்ணன்: சரிம்மா, இருட்டுல உங்களுது தோக்காது. ஒத்துக்கிறேன். ஆனா பறக்கிற பறவைக்கு இப்போ வர்ற கேமராவோட கண் ஃபோகஸ் வேற லெவல். நாளைக்கு ஆசை வந்தா லென்ஸும் மாத்திக்கலாம்.

மீனா அக்கா 6: லென்ஸ் மாத்துற கதையை நீங்களே சொல்லுங்க. எஸ்100.

ரவி அண்ணன்: அது ஒரு சோகம். சடாரா பக்கம் எஸ்100 மண் ரோடு. சிங்கம் காருக்குப் பக்கத்துலயே வந்துடுச்சுன்னு பெரிய லென்ஸைக் கழட்டி சின்னதை மாட்டினேன். ஜன்னல் திறந்திருந்தது, முன்னாடி ஒரு பக்கி (பிக்கப் வண்டி) புழுதி கிளப்பிட்டுப் போச்சு, சென்சார்ல ஒட்டிக்கிச்சு. அதுக்கப்புறம் நாலு நாள் எடுத்த ஒவ்வொரு வானத்துலயும் அதே இடத்துல ஏழு கறுப்புப் புள்ளி. சிங்கம் கொட்டாவி விட்டதும் கிடைக்கல.

கார்த்தி 14: அப்ப கார்ல போறவங்களுக்கு ஒரே லென்ஸ் கேமராதான் நல்லதா?

ரவி அண்ணன்: ஒரு பாடியில 100-400ஐ மாட்டிட்டு கழட்டவே கழட்டாத. கிட்ட வந்தா போன்ல எடு. பாலு சாரும் சந்தோஷப்படுவாரு.

பாலு சார்: 👍👍

*வெள்ளி*

கார்த்தி 14: ஆன்லைன்ல ஒரு இடத்துல ஆர்10 நல்ல விலைக்கு வருது. கடையை விட ரொம்பக் குறைவு.

ரவி அண்ணன்: இறக்குமதி சரக்கான்னு பாரு. உள்ளூர் வாரண்டி யார் தர்றாங்கன்னு எழுத்துல கேளு. என் பழைய பாடி ஷட்டர் போனப்போ, இந்த நாட்டு ஏஜென்ட் மூலமா வந்ததில்லன்னு சர்வீஸ்ல கையை விரிச்சுட்டாங்க. பெட்டி மாதிரியே பெட்டி, கேமரா மாதிரியே கேமரா. பேப்பர்லதான் வித்தியாசம்.

செல்வி 9: என் மாமியார் டர்பன் ஆளு இல்லையா, பக்கத்துல உக்காந்து இதையெல்லாம் படிக்கச் சொல்லிக் கேட்டாங்க. அவங்க சொல்றது: "காண்டாமிருகம் பாத்தா படம் எடு, ஆனா எந்த இடம், எந்த ரோடுன்னு எங்கயும் போடாதே." ஷ்லுஷ்லுவே பூங்கா பக்கம் போனப்போ இவங்க பேஸ்புக்ல போட்ட படத்தை ரேஞ்சர் சொல்லி நீக்கினாங்களாம். கொம்புக்காகக் கொல்றவங்களும் பேஸ்புக் பாக்கறாங்க. கேமராவோ போனோ, ஜிபிஎஸ்ஸை அணைச்சுடுங்க.

கார்த்தி 14: நல்ல வேளை சொன்னீங்க. நான் லொகேஷனோடதான் எல்லாத்தையும் போடுவேன் 🙏

மீனா அக்கா 6: இன்னொண்ணு. காலைல பத்து மணிக்கு மேல தூரத்துல இருக்கிறதை எடுக்காதே. தார் ரோட்டு மேல கானல் துடிக்கும், எவ்வளவு விலை லென்ஸ் போட்டாலும் வரிக்குதிரை கோடெல்லாம் கரைஞ்சு வரும். போன வருஷம் கேமராதான் ரிப்பேர்னு பயந்து அழுதுட்டேன்.

ரவி அண்ணன்: அந்த நேரத்துல ஸ்குகுசா பக்கத்துல லேக் பானிக் மறைவுக்குப் போயிடு. தண்ணி ஓரமா மரக்கொட்டகை, மீன்கொத்தி கைக்கெட்டுற தூரத்துல வந்து உக்காரும். 400 தேவைக்கு மேலயே. அப்பாவுக்கும் காரை விட்டு இறங்கி உக்கார ஒரு இடம்.

கார்த்தி 14: சரி, இன்னும் குழப்பம்தான். ஆர்10ஆ, அக்கா மாதிரி பழைய சோனி ஒண்ணு தேடறதா.

மீனா அக்கா 6: வாங்கவே வாங்காதே இப்போ. சனிக்கிழமை பிலான்ஸ்பெர்க் பூங்காவுக்குப் போயிட்டு வா. என் சோனியை எடுத்துக்க. ரவி அண்ணே, நீங்க ஒரு 100-400 வாடகைக்கு எடுத்துட்டு கூடப் போங்க. மங்க்வே அணை மறைவுல ஒரு மணி நேரம் ரெண்டையும் மாத்தி மாத்திப் பிடிச்சா தெரிஞ்சுடும். கை சொல்லும்.

ரவி அண்ணன்: நான் ரெடி. காலைல மூணரைக்குக் கிளம்பணும். கேட் திறக்கும்போது அங்க இருக்கணும்.

கார்த்தி 14: மூணரையா!! குளிர்ல?

ரவி அண்ணன்: போர்வை கொண்டு வா. ட்ரைபாட் வேண்டாம், கார்ல விரிக்க இடமில்ல. ஜன்னல்ல வைக்க பீன் பேக் ஒண்ணு தச்சுக்க. பழைய ஜீன்ஸ் கால் ஒண்ணு, உள்ள அரிசி ரெண்டு கிலோ, வாயைத் தச்சுடு. என்ஜினை மட்டும் அணைச்சுடணும், இல்லேன்னா அந்த நடுக்கம் படத்துல தெரியும்.

கார்த்தி 14: அது இன்னிக்கே ஆகிடும். ஜீன்ஸ் இருக்கு, அரிசியும் இருக்கு.

வித்யா 14: இந்த வீட்டு அரிசியைத் தொடக்கூடாது. அது அத்தை மாமாவுக்காக வாங்கி வச்ச பொன்னி.

பாலு சார்: என் வீட்டுல பழைய பாஸ்மதி கிடக்கு. வந்து எடுத்துக்க. ஆனா சனிக்கிழமை என்னையும் கூட்டிட்டுப் போகணும்.

ரவி அண்ணன்: போனோடயா சார்?

பாலு சார்: பின்ன?