கூலியையும் மருந்துச் செலவையும் ஒரே வரியில் ஒட்டலாமா?

எண்சுவடி:
ஒரு குடும்பம் எவ்வளவு சம்பாதிக்கிறது என்பது ஒரு கணக்கெடுப்பில் இருக்கிறது. எதற்குச் செலவழிக்கிறது என்பது இன்னொன்றில். மத்திய அரசின் பி.எல்.எஃப்.எஸ். என்னும் தொழிலாளர் கணக்கெடுப்பு கூலியைக் கேட்கிறது. குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வு அரிசி முதல் ஆஸ்பத்திரி வரை 405 இனங்களைக் கேட்கிறது, வருமானத்தைக் கேட்பதில்லை. முன்னது 2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரை. பின்னது 2022 ஆகஸ்ட் முதல் 2023 ஜூலை வரை. மாநிலம், கிராமமா நகரமா, தொழில் வகை, உறுப்பினர் எண்ணிக்கை, படிப்பு ஆகியவை இரண்டிலும் உண்டு. இவற்றில் ஒத்துப்போகும் குடும்பங்களை ஒன்றிலிருந்து ஒன்று, மற்றதிலிருந்து ஒன்று என ஒரே வரியில் பொருத்தினால், குறைந்த கூலி வாங்கும் வீடு மருத்துவத்துக்கு எவ்வளவு இழக்கிறது என்று சொல்லிவிடலாம். இரண்டையும் சேர்த்துக் கேட்கும் புதிய ஆய்வு வரும்வரை ஏன் கைகட்டி உட்கார வேண்டும்?

வரப்போரம்:
கடுமையாக மறுக்கிறேன். நீங்கள் ஒட்டுவது ஒரே சாயலுள்ள இரண்டு வெவ்வேறு குடும்பங்களை. விசைத்தறித் தொழிலாளி ஒருவர் இரண்டு வாரம் காய்ச்சலில் படுத்தால், கூலி குறையும், மருந்துச் செலவு ஏறும். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே காரணத்தால் நடப்பவை. நீங்கள் பொருத்திய கோப்பிலோ அவருடைய குறைந்த கூலிக்குப் பக்கத்தில், அதே படிப்பும் அதே தொழிலும் உள்ள, நோயே வராத வேறொருவரின் செலவுக் கணக்கு வந்து உட்காரும். இரண்டு கணக்கெடுப்புக்கும் பொதுவான விவரங்கள் ஒத்த குடும்பங்களுக்குள் கூலிக்கும் மருந்துக்கும் தொடர்பே இல்லை என்று முன்கூட்டியே கொண்டால்தான் இந்த முறை செல்லும். தேடப்போகும் விடையை நீங்களே எழுதிவைத்துவிட்டுத் தேடுகிறீர்கள். அமெரிக்காவில் பெஞ்சமின் ஓக்னர் என்ற பொருளியலாளர் 1966ஆம் ஆண்டு வரிக் கணக்குகளைக் குடும்ப ஆய்வு ஒன்றோடு பொருத்தியபோது, 1972இலேயே இன்னொரு பொருளியலாளர் கிறிஸ்டோபர் சிம்ஸ் இந்தக் குறையைத்தான் சுட்டினார்.

எண்சுவடி:
சிம்ஸ் சொன்ன குறை, பொது விவரங்கள் மெலிந்திருக்கும்போதுதான் பெரிதாகும். இங்கே ஒரு பாலம் இருக்கிறது: பி.எல்.எஃப்.எஸ். குடும்பத்தின் வழக்கமான மாதச் செலவையும் கேட்கிறது. மொத்தச் செலவையும் பொருத்தத்தில் சேர்த்தால் நீங்கள் சொல்லும் நோய் வந்த வீடுகளில் பாதியாவது பிடிபடும்.

வரப்போரம்:
மூன்று முறை வீட்டுக்குப் போய் இனம் இனமாகக் கேட்டு வாங்கிய தொகையும், போகிற போக்கில் "மாதம் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டு வாங்கிய தொகையும் ஒன்றா? "வழக்கமான" செலவு என்று கேட்டால் காய்ச்சல் செலவைச் சொல்லவே மாட்டார்கள்.

முத்துநகர் வாசகி:
ரூபாயை விடுங்கள், தரவரிசையைப் பொருத்துங்கள். இரண்டு கேள்விகளும் வேறு தொகை தந்தாலும் மாநிலத்துக்குள் யார் மேலே, யார் கீழே என்பது ஓரளவு நிற்கும். வரப்போரம் ஐயா சொல்லும் நோய்ச் செலவு அப்போதும் தப்பிவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால் ஒற்றை எண் வேண்டாம். பொது விவரங்கள் அனுமதிக்கும் மிகக் குறைந்த தொடர்பு எது, மிக அதிகம் எது என்று இரு எல்லைகளையும் போடுங்கள். எல்லைகள் விரிந்து கிடந்தால், தரவுக்கு அந்த விடை தெரியாது என்று பொருள்.

இன்னொன்று. நுகர்வு ஆய்வை மட்டும் எடுத்து இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியில் மருத்துவச் செலவை மறையுங்கள், மறு பாதியில் உணவுச் செலவை. பிறகு பொருத்திப் பாருங்கள். உண்மை விடை கையில் இருப்பதால் முறை எவ்வளவு தவறுகிறது என்று நேரே தெரியும்.

வரப்போரம்:
நல்ல சோதனை, அம்மா. ஆனால் கூலி அந்த ஆய்வில் இல்லையே. இதில் தேறினாலும் கூலி விஷயத்தில் தேறும் என்பதற்கு உறுதி இல்லை. தோற்றால் மட்டும் முடிவு தெளிவு.

எண்சுவடி:
தமிழ்நாட்டுக் குடும்பங்களை வைத்து அதைச் செய்கிறேன். மறைத்த உறவு திரும்பி வராவிட்டால் மருத்துவ அட்டவணையை வெளியிட மாட்டேன். உணவும் எரிபொருளும் வேறு விஷயம். அவை கூலியோடு திடீரென்று தாவுவதில்லை. அங்கே இந்தப் பொருத்தம் நிற்கும் என்றே இன்னும் நினைக்கிறேன்.